நிழலின்மைச் சான்று

பாஸ்புக்கில் பதிவு போடத்தான் பாப்பா வங்கிக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் சூரிய வெளிச்சத்துக்கான விண்ணப்பம் இருந்தது.

இது நடந்தது 2009-ஆம் வருடம் ஜனவரியில். சதுரங்கப்பட்டினத்தில் அப்போது மின்சாரம் மாலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்கு வரும். காலையிலும் இரண்டு மணி நேரம் போகும். ஆனால் பகலில் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பாப்பாவின் மகள் சிநேகா பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத் தேர்வு. மாலை ஆறு மணி அடித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "கரண்ட் இல்ல, நான் இன்னா பண்றது?" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இருக்காது. அதுதான் பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

வங்கிச் சுவரில் ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குச் சூரிய மின் தகடு, பேட்டரி, நான்கு விளக்கு, ஒரு மின்விசிறி. பாதி விலை அரசு மானியம், மீதிக்கு வங்கிக் கடன். பாப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்த மேலாளர் எழுந்து வெளியே வந்துவிட்டார். தாளை ஒட்டி மூன்று மாதம் ஆகிறதாம். நின்று படித்த முதல் ஆள் இவள்தானாம். உட்கார வைத்து, டீ வரவழைத்து, மின்விசிறியைக் கூட அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"வெயிலுக்கு கவர்மெண்டு டப்பு குடுக்குதா சார்?" என்று பாப்பா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

பாப்பா கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே மின்சாரம் போனால் ஐந்து விநாடியில் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும். ஆள் இல்லாத அறைகளில் கூட ஏசி ஓடும். பகல் முழுக்க அந்தக் குளிர்ச்சியில் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு, மாலையில் இருட்டு வீட்டுக்குள் நுழைவது அவளுக்குத் தினமும் ஒரு அவமானமாக இருந்தது. கணவன் தாவீதுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவனை ஒன்று கம்பெனி பஸ்ஸில் பார்க்கலாம், அல்லது பாயில் பார்க்கலாம். விண்ணப்பத்தைக் காட்டியபோது அவன் பாயில் இருந்தான்.

"கையெழுத்து போடு."

"எதுக்கு?"

"சூரியனுக்கு."

தாவீது கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டான். அது பாதி விண்ணப்பத்தின் மீதும் பாதி தலையணையின் மீதும் விழுந்தது.

இணைக்க வேண்டிய காகிதங்களைப் பாப்பா ஒரே வாரத்தில் சேர்த்துவிட்டாள். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, புகைப்படம், சம்பளச் சான்று எல்லாம் சரி. செங்கல்பட்டில் இருந்த மானிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து கூரையைப் பார்த்துவிட்டால் போதும் என்றார்கள்.

அப்படி வந்தவர் தாமோதரன். காலை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர், பஸ் கிடைக்காமல் மூன்றரைக்கு வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். ஏணியைப் பிடித்து மெல்ல மேலே ஏறினார். பாப்பாவின் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த இரண்டு அறை காங்கிரீட் வீடு. அதன் கூரை மேல், நட்ட நடுவில், கறுப்பாக ஒரு பெரிய வட்ட நிழல் விழுந்திருந்தது. தாமோதரன் நேராக அதற்குள் போய் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா. நல்ல நிழல்மா. கொஞ்சம் தண்ணி குடுங்க."

தண்ணீர் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கட்டத்தில் பேனா நின்றது. 'கூரையில் நிழல் விழுகிறதா?' என்று அதில் அச்சடித்திருந்தது. தாமோதரன் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தார்.

மேற்கே பக்கத்து வீட்டு மாடியில் பதினாறு அடி உயரத் தூண்கள் நான்கு. அவற்றின் உச்சியில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தெருவில் அதை, மகாபலிபுரத்து லைட் ஹவுசுக்குத் தம்பி என்பார்கள்.

"இன்னாமா இது, நிழலு கீதே!" என்றார் தாமோதரன், தன்னை யாரோ ஏமாற்றி உட்கார வைத்துவிட்ட மாதிரி.

"நீங்கதான சார் நல்ல நிழல்னீங்க?"

"அது எனக்கு நல்லது. தகட்டுக்கு ஆவாது." அவர் படிவத்தில் 'ஆம்' என்று எழுதினார். எழுதிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஒண்ணும் பேஜாரு இல்லமா. நிழல் இல்லன்னு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு சான்று வாங்கிக் குடுத்துருங்க. நான் சேத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கிப் போனார்.

கிராம நிர்வாக அலுவலர் அப்பாசாமி நேர்மையான மனிதர். இருபத்திரண்டு வருடச் சேவையில் படிவம் இல்லாத காகிதத்தில் ஒரு கையெழுத்துக் கூடப் போட்டதில்லை என்பது அவர் பெருமை. பாப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார்.

"வருமானச் சான்று கீது. சாதிச் சான்று கீது. இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கீது. நிழல் இல்லாத சான்றுன்னு ஒண்ணு இல்லமா."

"இல்லன்னுதான சார் எழுதிக் குடுக்கச் சொல்றேன்?"

"அதான் நானும் சொல்றேன். இல்ல."

"சார், நிழல் இல்லன்னு எழுதிக் குடுங்க."

"நிழல் கீதா இல்லியா?"

பாப்பாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் கீது."

"அப்ப கீதுன்னு சான்று வேணா கேளு. அதுக்கும் படிவம் இல்ல. ஆனா அது உண்மை."

கடைசியில் அப்பாசாமி கொஞ்சம் இறங்கி வந்தார். நிழலை எடுத்துவிட்டுச் சொன்னால், தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், தன் கண்ணுக்கு நிழல் தெரியாவிட்டால் யோசிப்பதாகவும் சொன்னார். யோசிப்பதாகத்தான் சொன்னார்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் பாலசுப்ரமணியன். திருச்சிக்காரர். பக்கத்து அணு மின் நிலையத்தை ஒட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் உலோகவியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர். மின்சாரம் போகும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒருவர், "இன்னா சார், இப்டி பண்ணிட்டீங்களே" என்று அவரிடம் கேட்பார். அவரும் சளைக்காமல், "நான் உலோகம்பா, கரண்ட் இல்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டில் மனைவி ராஜமும் அவரும் மட்டும்தான். பாப்பாவோடு மூன்று வருடமாகப் பக்கத்து வீடு. ஆனால் மதில் சுவருக்கு மேலே, "மீன்காரர் வந்தாரா?" "பால் வந்துச்சா?" என்பதற்கு மேல் பேச்சுப் போனதில்லை.

பாப்பா தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னாள். பாலசுப்ரமணியன் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"எத்தனை மணிக்கு விழுது?"

"மூணு மணிக்கு மேல சார்."

"மூணா, மூணே காலா?"

ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் அவரிடம் ஒரு கணக்கைக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. மறுநாள் காலையே நூல்குண்டு, அளவு நாடா, சாக்பீஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு பாப்பா வீட்டுக் கூரைக்கு வந்துவிட்டார். நான்கு நாள் அரை மணிக்கு ஒரு தரம் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதினார். இரவுப் பணி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த தாவீது, தலைக்கு மேல் யாரோ நடக்கும் சத்தம் கேட்டு விழித்து, "யாரு மேல?" என்று கேட்டான்.

"விஞ்ஞானி" என்றாள் சிநேகா.

தாவீதுக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் பாலசுப்ரமணியன் பதினான்கு பக்க அறிக்கையைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வரைபடங்களோடு இருந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பிற்பகல் மூன்று ஐந்திலிருந்து நாலு ஐம்பது வரை மட்டுமே நிழல் விழுகிறது. அதனால் வருடத்தில் நூற்றுக்கு நாலு பங்கு மின்சாரம்தான் குறையும். ஆகவே தொட்டியை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை என்பது அவர் முடிவு.

"சூரியனுக்கு இது போதும் சார்" என்றாள் பாப்பா பணிவாக. "ஆனா செங்கல்பட்டுக்குப் போதாதே."

இருந்தாலும் அவர் மனம் நோகக்கூடாது என்று அறிக்கையை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கே போனாள். தாமோதரன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "அய்யோ, பத்திரமா வூட்டுக்கு எடுத்துக்கினு போயிருங்கமா. பெரிய சார் கண்ணுல இது பட்டா பக்கத்துக்கு ஒரு கேள்வி கேப்பாரு. பதிலுக்கு நான்தான் ஓடணும். சான்று ஒண்ணே ஒண்ணு. அரைப் பக்கம். அதக் கொண்டாங்க" என்றார்.

வேறு வழியில்லை. தொட்டியை இறக்கச் சொல்லி நேரடியாகவே கேட்டுவிட வேண்டியதுதான். அன்று மாலை பாப்பா போனபோது வாசலில் ராஜம் இருந்தாள்.

"அது மட்டும் முடியாது பாப்பா" என்றாள் ராஜம். குரலில் கடுமை இல்லை. "தொட்டி கன்னி மூலையில உயரமா இருக்கணும். வாஸ்து. அதை அசைக்கக் கூடாதுன்னு கட்டும்போதே சொல்லிட்டாங்க."

"யாரும்மா சொன்னது?"

ராஜம் அவளை வினோதமாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? உங்க அண்ணன்தான்."

பாப்பாவின் அண்ணன் ஜான்சன் கட்டட மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நிற்பவன். அவன் பக்கத்து வீட்டைக் கட்டியது பாப்பாவுக்குத் தெரியும். அவன் வாஸ்து சொல்வது அன்றுதான் தெரிந்தது. மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு, நெம்மேலியில் அவன் வேலை செய்துகொண்டிருந்த பங்களாவுக்குப் போனாள். ஜான்சன் மணல் குவியலின் மேல் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்த, நீ எப்ப வாஸ்து கத்துக்கின?"

கையிலிருந்த இட்லியை வைத்துவிட்டு அவன் பங்களாப் பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசு. உள்ள வூட்டுக்காரங்க கீறாங்க."

"சொல்லு."

"நான் எங்க கத்துக்கினேன்? வரவங்க எல்லாம் கேட்டுக்கினே இருக்காங்க. தெரியாதுன்னா அடுத்த மேஸ்திரிகிட்ட போயிடறாங்க. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுல ஒரு புக்கு வாங்கினேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். சிமெண்ட் பட்டுப் பட்டு அதன் அட்டை கல் மாதிரி ஆகியிருந்தது. "கன்னி மூலை, அதான் தென்மேற்கு, உசரமா இருக்கணும்னு கீது. பொய் இல்ல."

"பதினாறு அடின்னா கீது?"

ஜான்சன் புத்தகத்தைத் திரும்பப் பையில் வைத்தான். பாப்பா அவன் எதிரே மணலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள் என்பது சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரியும்.

"எவ்ளோ உசரம்னு இல்ல" என்றான் கடைசியில். "அடுத்த வேல ஆரம்பிக்கப் பத்து நாள் இருந்துச்சு. ஆளுங்கள சும்மா உக்கார வெச்சா கூலிக்கு எங்க போறது? அதான் தூணக் கொஞ்சம் ஏத்திட்டேன்."

"கொஞ்சமா? என் வூட்டு மேல வெயிலே வுழல, அண்ணாத்த!"

"அன்னிக்கு உனக்கு வெயில் வேணும்னு எனக்குத் தெரியுமா? எல்லாரும் நிழல்தான் கேப்பாங்க."

சனிக்கிழமை மாலை அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு பாப்பா பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஏற்றச் சொன்ன வாயாலேயே இறக்கச் சொல்ல வைப்பது என்பது திட்டம். ஜான்சன் சபைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். பாலசுப்ரமணியன் ஓரத்து நாற்காலியில் இருந்தார். ராஜம் எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

ஜான்சன் தொண்டையைச் செருமினான். "அம்மா, வாஸ்துவுல ஒரு விஷயம் அன்னிக்குச் சொல்லாம வுட்டுட்டேன். கன்னி மூலை உசரமா இருக்கணும், சரி. ஆனா அந்த உசரத்தோட நிழல் பக்கத்து வூட்டு மேல வுழக் கூடாது. வுழுந்தா, வூட்டுக்காரருக்கு முட்டி வலி வரும்."

பாலசுப்ரமணியனுக்கு முட்டி வலி உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் ஜான்சன் சொன்னான். ஆனால் அவர் எப்போதும் உண்மை பேசுகிறவர். "முட்டி வலி எனக்குக் குவார்ட்டர்ஸ்ல இருக்கும்போதே இருக்குப்பா. தொட்டி அப்புறம்தான் கட்டினோம்" என்றார்.

"இல்ல சார், அப்ப லேசா இருந்திருக்கும்…"

"எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டாள் ராஜம்.

"இன்னாதும்மா?"

"நிழல் விழக்கூடாதுன்னு போட்டிருக்கே, அது எத்தனையாவது பக்கம்?"

ஜான்சன் புத்தகத்தை எடுத்து அங்குமிங்கும் புரட்டினான். ராஜம் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாற்பது பக்கப் புத்தகம். காபி ஆறியது. ஜான்சனின் வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் மின்சாரம் போனது. ராஜம் எழுந்து போய் மெழுகுவத்தி ஏற்றி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசிப் பக்கத்தில் இருந்த ராசிக்கல் விளம்பரத்தையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"இதுல நிழல்னு ஒரு வார்த்தை கூட இல்ல."

பாப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அம்மா, அவன் சொன்னது எல்லாம் பொய்யிமா. அன்னிக்கு உசரத்துக்குச் சொன்னதும் பொய், இன்னிக்கு முட்டிக்குச் சொன்னதும் பொய். புக்குல அவ்ளோ உசரம்னு இல்ல. எனக்கு நிழலு போவணும். அதுக்குத்தான் அவன இழுத்துக்கினு வந்தேன். தப்புதான், மன்னிச்சுக்கோங்க."

ஜான்சன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜம் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பாப்பா பயந்துபோனாள். ராஜம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு அடிக்குத் தண்ணி ஏத்தணும்னா அந்த மோட்டார் எவ்வளவு நேரம் முக்குது தெரியுமா? பாதி ஏறுறதுக்குள்ள கரண்ட் போயிடுது. ஒரு வருஷமா நான் கீழ இருந்து பக்கெட்லதான் சுமக்கிறேன்."

பாலசுப்ரமணியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"உயரமா வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவ நான். நானே எப்படி இறக்கச் சொல்றது? நீங்க ஏன் கேக்கல? ஷவர்ல தண்ணி வரலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அவர். "உனக்கு வருத்தமா இருக்கும்னுதான் சொல்லல. நானும் பக்கெட்லதான் குளிக்கிறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். பாப்பா காபி டம்ளரை எடுத்து, ஆறிப்போயிருந்ததை ஒரே மடக்கில் குடித்தாள். இந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராஜம் ஜான்சன் பக்கம் திரும்பினாள். "தொட்டி நாலடி மேடையில உட்காரணும். மூலை மாறக் கூடாது, அது நிஜமாவே புஸ்தகத்துல இருக்கு. கூலி கிடையாது."

"சரிங்கமா" என்றான் ஜான்சன். அதைச் சொன்னதும் அவனுக்கே நிம்மதியாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

தொட்டியை இறக்க அரை நாள்தான் ஆனது. தூண்களை உடைக்க மூன்று நாள் ஆனது. தாவீதும் ஒரு விடுமுறை நாள் முழுக்க விழித்திருந்து சுத்தியல் பிடித்தான். "இன்னா மச்சான், இவ்ளோ கம்பி போட்டுக் கீற!" என்று ஜான்சனிடம் கேட்டுக்கொண்டே உடைத்தான். சிமெண்ட் விஷயத்தில் மட்டும் ஜான்சன் யாரையும் ஏமாற்றியதில்லை என்பது அந்த மூன்று நாளில் எல்லோருக்கும் விளங்கியது. நான்காம் நாள் பிற்பகல் மூன்றரைக்குப் பாப்பா தன் கூரை மேல் ஏறி நின்றாள். சாக்பீஸ் கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. நிழல் மட்டும் இல்லை. கூரை முழுக்க வெயில் தகதகவென்று கிடந்தது. அவள் ஏதோ நிலம் வாங்கிய மாதிரி அந்தக் கூரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

மறுநாள் அப்பாசாமியைப் போய் அழைத்தாள். அவர் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டது. கடல் பக்கமிருந்து மேகம் ஏறி ஏறி வந்தது. அப்பாசாமி சரியாக மூன்றரைக்கு வந்து, மேலே ஏறி, நாலு பக்கமும் பார்த்தார். குனிந்து தரையைப் பார்த்தார். பாலசுப்ரமணியனும் மேலே வந்திருந்தார்.

"நிழல் இல்ல" என்றார் அப்பாசாமி திருப்தியோடு.

பாப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு இறக்கிய தொட்டி! "சார், வெயில் அடிக்கிற அன்னிக்கு வாங்க சார். அப்பதான் உண்மையா தெரியும்."

"எதுக்கு? வெயில் அடிச்சா உன் நிழல் வுழும், என் நிழல் வுழும், சாரோட நிழல் வுழும். அப்புறம் நான் எப்படி இல்லன்னு எழுதறது? இன்னிக்குத்தான் சுத்தமா கீது."

பாலசுப்ரமணியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பாப்பா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அப்பாசாமி தன் பையிலிருந்து ஓர் இருப்பிடச் சான்றுப் படிவத்தை எடுத்தார். தலைப்பில் 'இருப்பிட' என்பதை மட்டும் அளவுகோல் வைத்து அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் 'நிழலின்மை' என்று எழுதினார். 'நேரில் பார்வையிட்ட நேரத்தில் மேற்படி கூரையின் மீது எந்த நிழலும் தென்படவில்லை' என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். ஏணியில் இறங்கும்போது, "தொட்டிய இறக்காமலே கூட இன்னிக்கு வந்து பாத்திருக்கலாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார். கீழே நின்ற ஜான்சனுக்கு அது காதில் விழுந்தது. அவன் அன்று இரவு சாப்பிடவில்லை.

செங்கல்பட்டில் தாமோதரன் இருந்த நாற்காலியில் வேறொரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் ஞானம்மாள். தாமோதரனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த அம்மாள் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு? நான் இந்த மாதிரி பார்த்ததே இல்லையே" என்றார். ஆனால் ஞானம்மாளுக்கு அந்தக் காகிதம் பிடித்துப்போயிற்று. முத்திரை இருந்தது, தேதி இருந்தது, நேரம் கூட இருந்தது. கோப்பின் மேலேயே வைத்துத் தைத்துக்கொண்டார்.

தகடும் பேட்டரியும் வந்து சேர்ந்தது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில். சிநேகாவின் பரீட்சை முடிந்து பத்து நாட்களுக்கு மேல் ஆகியிருந்தது. முதல் நாள் மாலை மின்சாரம் போய்த் தெரு முழுக்க இருண்டபோது, பாப்பா வீட்டில் மட்டும் நான்கு விளக்கும் எரிந்தன. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். சிநேகா வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், மின்விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இத்த மொதல்லயே போட்டிருந்தா எவ்ளோ மார்க் வாங்கியிருப்ப!" என்றாள் பாப்பா.

"நல்ல வேளம்மா" என்றாள் மகள். தேர்வில் அவள் நல்ல மார்க்தான் வாங்கினாள். எப்போது படித்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

ஆகஸ்டில் மானியம் வந்து கடன் கணக்கில் சேர்ந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வங்கி மேலாளரே வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குள் ஞானம்மாளின் மேசையில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பாப்பாவின் கோப்பு ஒழுங்காக இருந்ததால் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு விண்ணப்பித்த எல்லோரிடமும் நிழலின்மைச் சான்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரை ஊர்கள் வரைக்கும் எல்லா வி.ஏ.ஓ.க்களும், இது என்ன புதுச் சான்று என்று அப்பாசாமிக்குத் தொலைபேசியில் பேசினார்கள். படிவம் இல்லாமல் கையெழுத்துப் போடாத அப்பாசாமி, இப்போது படிவத்தையே உண்டாக்கியவர் ஆகிவிட்டார். அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் பாலசுப்ரமணியன் மதில் சுவரருகே வந்து நின்றார். வெகு நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பா, இந்த விண்ணப்பம் வங்கியில யார்கிட்ட வாங்கணும்? ராஜம் ரொம்பச் சொல்றா."

பாப்பாவே வாங்கி வந்து கொடுத்தாள். இணைப்புக் காகிதங்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கூடவே கிளம்பினாள். கிளம்பும்போது அவர் கையில் ஒரு தடித்த உறை இருந்தது.

"அது இன்னா சார்?"

"என் கூரைக்கு ஒரு கணக்குப் போட்டேன். வருஷம் முழுக்க. இருபத்திரண்டு பக்கம்தான்."

"ராஜம்மா!" என்று பாப்பா உள்ளே குரல் கொடுத்தாள். ராஜம் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், உறையைக் கணவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாசாமியின் அலுவலகத்தில் கூட்டமாக இருந்தது. பெஞ்சில் இடம் கிடைத்ததும் பாப்பா பாலசுப்ரமணியனை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உள்ள போனா நான் பேசறேன். நீங்க வணக்கம் மட்டும் சொல்லுங்க. இங்கிலீசு வேணாம்" என்றாள். அவர் தலையாட்டினார். வரிசை நகர நகர இருவரும் பெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டு, பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனார்கள்.